ஊர் சொல்லுமுன் பிள்ளையைக் கேளுங்கள்



நான் செய்த ஒரு தவறைச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மகளின் மார்க்கைக் கைபேசியில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிஷமே ஆளுக்கொரு கருத்து! "நர்ஸிங்ல சேத்துடுங்க." "இன்ஜினியரிங்தான் நல்லது." "பெரியப்பா பொண்ணு இதைவிட அதிகம் ஆச்சே!" அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "எல்லார்கிட்டயும் கேட்டியேம்மா, எங்கிட்ட கேட்டியா?" என்றாள். அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்திற்று.

மறுவாரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவளே பேசினாள். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில், பண்ருட்டிப் பக்கத்தில் என் அப்பாவின் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. அப்போது அவளுக்கு வயது 4. தாத்தா அழுததை இன்னும் மறக்கவில்லையாம். வேளாண்மை படிக்க ஆசையாம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை!

பிரியமானவர்களே, நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று:

1. வெளித்தோற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஈசாய் தன் குமாரர் ஏழு பேரைத் தீர்க்கதரிசிக்கு முன் கொண்டுவந்தான். ஆடு மேய்த்த தாவீதைக் கூப்பிடவே இல்லை. பெற்ற தகப்பனே கணக்கில் சேர்க்காத பிள்ளை அவன்!

2. ஒப்பிடாதீர்கள். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இன்னும் நிறுத்தவில்லை.

3. ஊர்ப் பேச்சு தீர்ப்பல்ல. ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், 1916இல், சுவாமி சகஜானந்தர் அவர்களுக்காகவே சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஊர் வாய்க்குப் பயந்திருந்தால் அந்தப் பள்ளி ஏது?

பெரியவர்களின் ஆலோசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபீஸ் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் பிள்ளை, பிறகு மற்றவர்கள்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, உங்கள் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள்.

வேளாண்மைக்கு மனு போட்டிருக்கிறோம். இடம் கிடைக்குமோ, தெரியாது. ஆனால் என் மகள் இப்போது என்னிடம் மனம் விட்டுப் பேசுகிறாள். அதற்காகவே ஸ்தோத்திரம்!