தேறிய நாயும் கிருமி பரப்பும்

மயிலாப்பூரில் நாய் வளர்ப்பவர்கள் சந்தித்தால் பேச்சு வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் மூன்றோடு முடிந்துவிடும். அடினோவைரஸைப் பற்றி நானும் விசாரித்ததில்லை, எங்கள் குடியிருப்பில் ஒரு குட்டிக்கு அது வரும்வரை. காய்ச்சல், வாந்தி, வயிற்றைத் தொட்டாலே முனகல். பிழைத்தது. தேறி வரும்போது ஒரு கண் நீலம் பூத்தது. அந்தக் குட்டியைக் கவனித்துக்கொண்டபோது கற்றவை இவை.

கண் நீலமானால் புரை என்று நினைக்காதீர்கள். கல்லீரலைத் தாக்கும் முதல் வகை அடினோவைரஸை உடல் எதிர்க்கும்போது கருவிழி வீங்குவதால் வரும் நிறம் அது. பெரும்பாலும் தானாகத் தெளியும். ஆனாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் சொட்டு மருந்து வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. நாயின் கல்லீரலை அது மேலும் கெடுக்கும்.

துள்ளி விளையாடும் அளவுக்குத் தேறிய நாயின் சிறுநீரில்கூட இந்த வைரஸ் ஆறு மாதத்துக்கு மேல் வெளியேறலாம். விளக்குக் கம்பம், கார் டயர், நாகேஸ்வர ராவ் பூங்காவின் வாசல், பெசன்ட் நகர் கடற்கரை என்று நாய்கள் மோந்து பார்க்கும் இடமெல்லாம் தொற்றிடம்தான். ஊசிகள் முடியாத குட்டியை அங்கே தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே போங்கள்.

ஆல்கஹால் சானிடைசரை நம்ப வேண்டாம். தரையையும் கிண்ணத்தையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ப்ளீச் கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். காய்ந்த பிறகே நாயை விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஊசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளின் பலனைத் தடுத்துவிடலாம் என்பதால் கடைசி ஊசியைத் தவறவிடக் கூடாது. ஓராண்டு கழித்து மீண்டும் ஒன்று. கூட்டுத் தடுப்பூசியில் இருப்பது இரண்டாம் வகை அடினோவைரஸ்; அதுவே இரு வகைக்கும் காப்பு. வெறிநோய் ஊசி தனி.

அந்த இரண்டாம் வகை, நாய்களுக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். தீபாவளி விடுமுறைக்கு நாயைக் காப்பகத்தில் விடுபவர்கள், எல்லா நாய்களுக்கும் ஊசி அட்டை கேட்கிறார்களா என்று பாருங்கள். இருமும் நாய்க்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப்பட்டை போடுங்கள்.

நாயிடமிருந்து மனிதருக்கு இந்த அடினோவைரஸ் தொற்றாது. அடுத்த வீட்டுக் குட்டிக்குத் தொற்றும். அதனால் உங்கள் நாயின் ஊசி அட்டையோடு அந்தக் குட்டியின் அட்டையையும் சேர்த்தே பாருங்கள். விடுபட்ட ஊசி இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் தேதி வாங்குங்கள்.