நேரம் போட்டு எழுதுங்கள் சிஸ்டர்

நர்சுகளுக்கு மன அழுத்தம் குறைக்க வகுப்பு எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கண்ணை மூடச் சொல்கிறார்கள். நைட் முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் மூடிய கண் திறக்காது. அந்த வகையில் நல்ல வகுப்புதான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும், அரசிலும் தனியாரிலும் வேலை பார்த்தவள் நான். எனக்குக் கிடைத்த பாடம் வேறு.

நம் பக்கத்து கேஸ்கள் உங்களுக்குத் தெரியும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விபத்து, அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி, பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட காட்டில் பாம்புக்கடி, அப்புறம் பூச்சிமருந்து. பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் போட்டுக்கொண்டே கண்பாவை, நாடி, நெஞ்சுச் சளிச் சத்தம் மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். மருந்து ஏற ஏறச் சிலர் பிதற்றுவார்கள், டிரிப்ஸைப் பிடுங்குவார்கள், நம் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். கையைக் கட்டினால், "எங்க ஆளைக் கட்டிப் போட்டுட்டாளுங்க" என்று வராந்தாவில் சத்தம். பிழைத்து வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் காலில் விழுவார்கள். விழட்டும். இதெல்லாம் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றினால் போய்விடும். மாதக்கணக்கில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு மெமோ.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியை 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அந்த மெமோ வந்தது அதற்கு முந்தைய காலம். ஆண்கள் வார்டு, நாற்பது படுக்கை, நைட்டுக்கு நான் ஒருத்தி. லாரி மோதி வயிற்றில் அடிபட்டவர், சாயங்காலம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நடுராத்திரிக்கு மேல் நாடி ஏறிக்கொண்டே போனது, பிபி இறங்கிக்கொண்டே வந்தது. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "டிரிப்ஸை வேகமா விடுங்க, பார்க்கலாம்" என்றார். இன்னும் இறங்கியது. மறுபடி போட்டேன். "அதான் சொன்னேன்ல சிஸ்டர்" என்று வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எதிர்ப் படுக்கையில் ஒருவருக்கு வலிப்பு. ஓடினேன். டாக்டர் வந்தது விடிகிற நேரத்தில். 108-இல் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பினோம். அவர் பிழைத்துக்கொண்டார், பயப்படாதீர்கள்.

உறவினர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் டாக்டர், "சிஸ்டர் எனக்குத் தகவலே சொல்லவில்லை" என்றார். என் நோட்டில் பிபியும் நாடியும் மணிவாரியாக இருந்தன. போன் போட்டதும் அவர் சொன்னதும் இல்லை. செல்போனில் அழைப்பு நேரத்தைக் காட்டினேன். "என்ன பேசினீங்கன்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார்கள். மெமோ எனக்கு, அவருக்கு டீ. எழுதாதது உன் தப்பு என்று சீனியர் அக்காமார்களே சொன்னார்கள். வலிப்பு வந்தவரை விட்டுவிட்டு நோட்டு எழுதியிருந்தால் அதற்கு வேறு மெமோ வந்திருக்கும் என்பதை அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் முறை இதுதான். மைக்ரோபோர் டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஏப்ரனில் ஒட்டியிருப்பேன். போன் பேசும்போதே நேரம், யாரிடம் பேசினேன், என்ன சொன்னார் என்று அதில் கிறுக்கிவிடுவேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லி "சரிதானே சார்?" என்று கேட்பேன். கை ஒழிந்ததும் கேஸ் ஷீட்டில் ஏற்றி, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கையெழுத்து வாங்குவேன். முகம் சுளிப்பார்கள், பேனாவை நீட்டியபடியே நில்லுங்கள். இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லையா, அடுத்த போன் ஆர்.எம்.ஓ.வுக்கு. அதையும் எழுதுங்கள். "கோள்மூட்டி" என்று எனக்குப் பெயர் வந்தது. தூக்கமும் வந்தது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நைட்டுக்குச் சாப்பிட்டுப் போங்கள். ஓவர் கொடுப்பது படுக்கை படுக்கையாக நின்று. பகலில் தூங்கும்போது குழந்தையை மாமியாரிடம் விட்டுப் போனை அணையுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள், அடக்கி அடக்கித் தொற்று வராத நர்ஸ் நம்மில் யார்? யாராவது கை ஓங்கினால், தமிழ்நாட்டில் 2008-லேயே மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்துவிட்டது. "சமாதானமாப் போயிடும்மா" என்று நிர்வாகம் சொன்னாலும் புகாரை எழுத்தில் கொடுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

பொறுமை வேண்டும் என்று மட்டும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு வந்தவர்கள் நாங்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பிக் காத்திருந்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தோம். பொறுமைக்கு அதற்கு மேல் என்ன சான்றிதழ்?

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர். அந்த நைட்டில் நாற்பது படுக்கைக்கு நான் ஒருத்தி. எனவே அடுத்த வகுப்புக்கு ஆள் கூப்பிடப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கண்ணை மூடச் சொல்லும் யோகா மாஸ்டருக்குக் கொடுக்கும் பணத்தை எடுத்துவைத்து, நைட் ரோஸ்டரில் என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் போடுங்கள்.