சராசரிக்குப் பக்கத்தில் ஓர் எண்ணிக்கை

அன்புத் தங்கைக்கு,

சென்னை நுங்கம்பாக்கத்தின் தினசரி மழையையும் வெப்பநிலையையும் மாதவாரியாகத் தொகுக்க நீ பைதானில் எழுதிய நிரலைப் படித்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, அப்படியானால் சரிதானே என்று கேட்டிருக்கிறாய். தவறான விடையையும் கணினி அதே அமைதியோடுதான் தரும் என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எளிதானவை. தேதியிலிருந்து மாத எண்ணை மட்டும் எடுத்துக் குரூப்பை (groupby) செய்தால் எல்லா வருஷத்து ஜனவரியும் ஒன்றாகிவிடும். ஆண்டையும் சேர்த்துப் பிரி. 03/04/2015 என்பதைப் பைதானின் பாண்டாஸ் நூலகம் இயல்பாக மார்ச் 4 என்றே படிக்கும். நாள்தான் முதலில் வருகிறது என்று நீதான் சொல்ல வேண்டும்.

என்னை உறுத்துவது விடுபட்ட நாட்கள். பாண்டாஸின் சராசரி, வெற்றுக் கட்டங்களை உன்னிடம் கேட்காமலே ஒதுக்கிவிடும். மே மாதத்தில் முதல் ஆறு நாட்கள் மட்டுமே பதிவாகியிருந்தாலும் 'மே சராசரி' என்று ஓர் எண் வரும். பார்வைக்குக் குறையே தெரியாது. கூட்டுத்தொகை இன்னும் மோசம். மாதம் முழுவதும் வெற்றாக இருந்தால் அது பூஜ்யம் தரும். மழைமானி பழுதாகிக் கிடந்த நவம்பர், மழையே பெய்யாத நவம்பராகிவிடும். சென்னையில் நவம்பர்! வடகிழக்குப் பருவமழையின் உச்ச மாதம். ஆர் மொழி இதில் நேர்மையானது: ஒரு நாள் விடுபட்டாலும் என்ஏ (NA) என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். சில கோப்புகளில் விடுபட்ட நாளுக்கு -9999 என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்கும்போதே வெற்றாக்கிவிடு. வேறு சிலவற்றில் அந்த நாளின் வரியே இருக்காது. ஆகவே முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை முழு நாட்காட்டியை உருவாக்கி, அதன்மேல் தரவைப் பொருத்து. பிறகு ஒவ்வொரு மாதத்திலும் பதிவான நாட்களை எண்ணி, அந்த மாதத்தின் 28, 29, 30 அல்லது 31 உடன் ஒப்பிடு.

எத்தனை நாள் விடுபட்டால் ஒரு மாதத்தை விட்டுவிடுவது? உலக வானிலை அமைப்பின் 2017 வழிகாட்டுதல் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: 11 நாட்களோ அதற்கு மேலோ விடுபட்டால், அல்லது தொடர்ந்து 5 நாட்களோ அதற்கு மேலோ இல்லாவிட்டால், மாதச் சராசரியைக் கணக்கிடக் கூடாது. மழையின் கூட்டுத்தொகைக்கு இந்தச் சலுகை கிடையாது. விடுபட்ட அந்த ஒரே நாளில்தான் மாதத்தின் பாதி மழை கொட்டியிருக்கலாம்.

இன்னொன்று நிரலுக்கு வெளியே இருக்கிறது. நம் நாட்டில் மழையைக் காலை 8.30 மணிக்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அளந்த நாளின் பெயரில் எழுதுகிறார்கள். 2015 டிசம்பர் 2 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 29 செ.மீ.யில் பெரும்பகுதி முந்தைய நாள் பெய்தது. மாத எல்லையிலும் இதேதான்: நவம்பர் 30 பகலில் பெய்த மழை டிசம்பர் கணக்கில் சேரும். அதை நீ மாற்ற வேண்டாம். பிற நிலையங்களும் அப்படித்தான் எழுதுகின்றன. அட்டவணைக்குக் கீழே ஒரு வரி குறிப்பிட்டால் போதும். மணிவாரித் தரவோடு ஒப்பிடும் நாளில் அந்த வரி இல்லாமல் திணறிப்போவாய்.

திருத்திய நிரலில், ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் எத்தனை நாட்களிலிருந்து வந்தது என்ற நெடுவரிசையும் இருக்கட்டும். அனுப்பும்போது மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பு. எண்ணிக்கை குறைந்த மாதங்களை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்