ரப்பர் இல்லாத ஞாயிறு

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரை ஊர்ப் பங்குக் கோயிலில் இரண்டு வருடமாக அக்டோபரில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ஓவிய நாள் நடத்துகிறோம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ‘பிக் டிரா’ விழாவைப் பற்றிப் படித்தபோது வந்த யோசனை. வரையத் தெரியாது என்பவர் கையிலும் பென்சிலைக் கொடுப்பதுதான் அதன் நோக்கம்.

முதல் வருடம் இதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. வயது வாரியாகப் போட்டி, மூன்று பரிசு என்று அறிவித்துவிட்டேன். அம்மாக்கள் பிள்ளைகளின் பின்னால் நின்று, “மூக்கை அழி, நேராப் போடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பரிசு கிடைக்காத ஒரு சிறுமி படத்தைச் சுருட்டி மாதா கெபிக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனாள். எடுத்து விரித்துப் பார்த்தேன். மாதா காலடியில் எரிந்த மெழுகுவத்திகளை ஒன்று விடாமல் எண்ணி வரைந்திருந்தாள்.

போன வருடம் பரிசும் இல்லை, ரப்பரும் இல்லை. பழுப்புத் தாள் சுருளை வாசலிலிருந்து கோயில் நடு வரை விரித்தோம். பீடத்துப் பக்கம் வேண்டாம் என்றார் பங்குச் சாமி. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கரித்துண்டு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பு பாழாகும். 2பி பென்சிலும் கிரையானும் போதும். தாளுக்கடியில் செய்தித்தாள் கட்டாயம். கிரையான் மெழுகு தரையில் ஏறினால் லேசில் போகாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு பெஞ்சும் பரீட்சை அட்டையும் வையுங்கள்.

வண்ணக் கண்ணாடி வழியே தாளில் விழுந்த சிவப்பு வெளிச்சத்தைச் சின்னப் பிள்ளைகள் கோடு போட்டுப் பிடித்தார்கள். தீட்டி முடிப்பதற்குள் வெளிச்சம் நகர்ந்துவிடும், மறுபடியும் கோடு.

வலை பின்னும் தாத்தா ஒருவர் தூணோரம் நின்றார். “எனக்குக் கையெழுத்தே வராது, படமா வரப்போவுது?” பேரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். “வலை முடிச்சு எப்படித் தாத்தா போடுவீங்க?” குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பென்சிலை வலை ஊசி மாதிரிப் பிடித்து ஒரு கண்ணி போட்டார். நூல் எதன் மேலே ஏறுகிறது, எதன் அடியில் நுழைகிறது என்பதில் ஒரு பிசகும் இல்லை. அடுத்த கண்ணியைப் பேரன் போட்டான். பிறகு பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பகல் மூவேளைச் செப மணி அடித்தபோது தாளில் ஆறடி நீளத்துக்கு வலை விரிந்து கிடந்தது.

வரும் அக்டோபரில் உங்கள் பங்கிலும் ஒரு ஞாயிறு கேட்டு வாங்குங்கள். பெரியவர்களிடம் படம் வரையச் சொல்லாதீர்கள். அவர்கள் கை அன்றாடம் செய்யும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். பென்சிலைத் தாங்களே எடுப்பார்கள்.