சீரகத்திலும் தசமபாகம்

கேள்வி: ஐயா, தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. தினமும் இரவு குடும்ப ஜெபம் உண்டு. மாதம் பிறந்ததும் தசமபாகத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவு. எங்கள் வீட்டில் 11 வருடமாக ஒரு அக்கா வேலை பார்க்கிறார்கள். என் மாமியார் காலத்து வழக்கப்படி அவர்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சம்பளம் கொடுக்க 10 தேதியாகும், சில மாதம் 15-ஆகிவிடும். போன வாரம் 10-ஆம் வகுப்பு படிக்கும் என் மகள், "அக்கா டம்ளர் மட்டும் எதுக்கும்மா ஜன்னல்ல இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கணவரிடம் சொன்னால், "இரட்சிப்பு விசுவாசத்தினாலதான், கிரியையினால இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்கிறார். அவர் சொல்வது சரியா?

— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவர் சொன்ன உபதேசம் சரி. அதை அவர் பயன்படுத்திய இடம்தான் தவறு.

கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்படுகிறோம் என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். நம்மில் பலர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி, அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனத்தையும் இன்று இரவு குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அதே பவுல் அதே மூச்சில் சொல்கிறார். விசுவாசத்தை அவ்வளவு உயர்த்திப் பிடித்த மார்ட்டின் லூத்தர், கிரியையை வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை 1522-ல் வைக்கோல் என்றே எழுதினார். ஆனால் உண்மையான விசுவாசம் நன்மை செய்யாமல் சும்மா இருக்காது என்று சொன்னவரும் அவர்தான்.

இப்போது உங்கள் கடைக்கு வருகிறேன். மத்தேயு 23:23-ல் இயேசு பேசுவது மளிகைக்கடைச் சாமான்களைப் பற்றித்தான். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை அளந்து கொடுத்துவிட்டு, நியாயத்தையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை அவர் கடிந்துகொண்டார். தசமபாகம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையும் செய்ய வேண்டும், இதையும் விடக்கூடாது என்றார்.

உங்கள் கடிதத்தில் டம்ளரைவிட முதலில் என்னை உறுத்தியது சம்பளத் தேதி. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக்கூடாது என்பது லேவியராகமச் சட்டம். உபாகமம் காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான், பொழுது சாயுமுன் கொடுத்துவிடு. மோசேயின் சட்டம் ஓர் இரவுகூடப் பொறுக்கவில்லை. நீங்கள் சில மாதம் 15-ஆம் தேதிவரை வைத்திருக்கிறீர்கள். அத்தனை நாளும் அக்கா வீட்டு வாடகைக்கு யாரிடம் கைமாற்று வாங்கினார்களோ, எந்தக் கடையில் பாக்கி சொன்னார்களோ. அது உங்கள் கடையாகவேகூட இருக்கலாம். அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் உங்கள் கல்லாவில் கிடக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துப் பத்தில் ஒன்றை எடுத்துக் கவரில் போடுகிறீர்கள். அந்தக் காணிக்கையில் அவர்களுடைய காசும் இருக்கிறது. ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் சம்பளம், பிறகு தசமபாகம். கையில் தட்டுப்பாடு என்றால் தாமதம் உங்கள் வீட்டுச் செலவில் விழட்டும்.

டம்ளர் விஷயம் உங்கள் மாமியாரோடு தொடங்கியதல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதுவரை ஆலயத்துக்குள்ளேயே தனித்தனி இடம். நற்கருணை வாங்குவதிலும் முன் பின் என்ற பேதம். அந்தக் கடிதம் வந்ததும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பந்தியை விட்டார்கள், சாதியை விடவில்லை. ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கும் நாம், வீட்டு ஜன்னலில் இன்னொன்றைக் கவிழ்த்து வைக்கிறோம். எங்கள் வீட்டிலும் என் சிறுவயதில் கொல்லைப்புறத் திட்டில் அப்படி ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. நான் உங்கள் மகளைப்போலக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ். அசரியா, 1912-ல் தோர்ணக்கல் பேராயரானவர். இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் அவர் எழுந்து பேசினார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எங்களைச் சமமான நண்பர்களாக நடத்தவில்லை, அந்த அன்பைத்தான் இப்போது கேட்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். பழைய சேலை, கிறிஸ்துமஸ் பலகாரம், மருந்துச் செலவு என்று அக்காவுக்கு நீங்களும் நிறையக் கொடுத்திருப்பீர்கள். அவர்களை உங்கள் மேஜையில் உட்காரவைத்து ஒரு வாய் காப்பி கொடுத்திருக்கிறீர்களா?

செய்ய வேண்டியது அதிகமில்லை. சம்பளத்துக்கு 1-ஆம் தேதி என்று வையுங்கள். 11 வருடத்தில் விலைவாசி ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறியிருக்கிறதா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கடைக்காரருக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். நீங்கள் ஆராதனைக்குப் போகும் நாளில் அவர்கள் உங்கள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் அவர்களைப் பதிவு செய்ய உதவுங்கள்.

தனி டம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைக்கும்போது உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. அக்காவிடம் நேராக மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் பதறி, "அதெல்லாம் எதுக்கும்மா" என்பார்கள். அப்போதும் கேளுங்கள்.

உங்கள் மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். வரும் ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்பு அவளைக் கூப்பிட்டு, "நாங்க செஞ்சது தப்பு" என்று சொல்லிவிடுங்கள்.