ரிப்போர்ட் வரும்வரை பயப்படக் கூடாதா?

நம்பிக்கை: “நல்லதையே நினை. பயந்தால் நோய் திரும்ப வந்துவிடும்.”

கீமோ முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதும் முடிந்து, ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவரிடம் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். “ஒருவேளை...” என்று அவர் ஆரம்பித்தால் போதும், “வாயைக் கழுவு, மேலே ததாஸ்து தேவதை இருக்கிறது” என்று அடக்கிவிடுவார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் நோயைப் பற்றிய பயம் போதாதென்று, பயப்படுகிறோமே என்ற பயமும் அவருக்குச் சேர்ந்துகொள்கிறது.

உண்மை: ஸ்கேன் முடிந்த நிமிடத்திலேயே பதிவாக வேண்டியது பதிவாகிவிட்டது. அதன் பிறகு அழுதாலும் சிரித்தாலும் படத்தில் ஒரு புள்ளி கூடாது, குறையாது.

சரி, படம் மாறாது. மனோதைரியம் உள்ளவர்தானே கடைசியில் நோயை ஜெயிக்கிறார்? நியாயமான கேள்வி. மருத்துவர்களில் பலரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1979-இல் பிரிட்டனில் ஸ்டீவன் கிரீர் குழுவினர், மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் போராடும் குணம் உள்ளவர்கள் நன்றாகத் தேறியதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அது மிகச் சிறிய ஆய்வு. 20 ஆண்டுகள் கழித்து, கிரீரும் பங்கேற்ற இன்னொரு ஆய்வு அதே இதழில் வந்தது. 578 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், போராடும் குணத்தால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. நம் ஊரில் அதிகம் காணப்படும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் இதே கதைதான்: 2007-இல் ஜேம்ஸ் கோயின் குழுவினர் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் விவரங்களை அலசினார்கள். மனநிலைக்கும் பிழைத்திருந்த காலத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த 578 பேரில், முற்றிலும் நம்பிக்கை இழந்துபோனவர்களுக்கு விளைவு ஓரளவு மோசமாகவே இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டுக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் புரள்வது அந்த வகை அல்ல. வாரக்கணக்கில் சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு ஆலோசனையும் மருந்தும் உண்டு. புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லலாம். “பாசிட்டிவாக இரு” என்ற உபதேசம் அதற்கு மருந்தில்லை. நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறையைக் கட்டி எழுப்பிய ஜிம்மி ஹாலண்ட், இந்த உபதேசத்தைக் கொடுங்கோன்மை என்றே கண்டித்தார்.

நம்பிக்கை: “ரிப்போர்ட் தாமதமானால் கெட்ட செய்திதான்.”

உண்மை: பழைய ஸ்கேனின் சிடி இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவே ரேடியாலஜிஸ்ட் விரும்புவார்.

நம்பிக்கை: “பெட் ஸ்கேனில் ஏதாவது ஒளிர்ந்தால் நோய் திரும்பிவிட்டது.”

உண்மை: நரம்பில் ஏற்றுவது கதிரியக்கம் கலந்த ஒரு வகைச் சர்க்கரை. அதை அதிகம் உறிஞ்சும் இடமெல்லாம் ஒளிரும். புற்றுநோய்ச் செல் உறிஞ்சும். கதிர்வீச்சில் வெந்து ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் உறிஞ்சும். தலை, கழுத்துப் பகுதியில் கரண்ட் வைத்து முடித்தபின் சுமார் 12 வாரம் கழித்தே பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான். ஊசி போட்டபின் ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கழுத்தோரக் கொழுப்புகூட ஒளிரும். போர்வை கேட்பதில் வெட்கமே வேண்டாம். வாயை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கச் சொல்வதும், பேசினால் தொண்டைத் தசை ஒளிரும் என்பதற்காகத்தான், ததாஸ்து தேவதைக்காக அல்ல. நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1 முதல் 5 வரை ‘டோவில்’ மதிப்பெண் போடுவார்கள். அதில் 3 வாங்கினால்கூட, வழக்கமான சிகிச்சை முடித்தவருக்கு அது பெரும்பாலும் நல்ல செய்தியே. அதே சமயம், எதுவுமே ஒளிராத ரிப்போர்ட்டும் ஆயுளுக்கும் உத்தரவாதமில்லை. மிகச் சிறியவை ஸ்கேனில் தெரியாது; அடுத்த பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.

நம்பிக்கை: “ரிப்போர்ட்டை முதலில் நாம் பார்ப்போம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

உண்மை: அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மகன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும்போதே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த ஒளிவுமறைவுதான் காத்திருப்பதிலேயே மிகக் கொடுமையானது. ஸ்கேன் அன்றே அவரை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: ரிப்போர்ட் எப்போது வரும், யார் சொல்வார்கள், நேரிலா போனிலா. இப்போதெல்லாம் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து விழுகிறது. டாக்டரைப் பார்ப்பதோ நாளை மறுநாள். அன்றிரவே திறப்பதா, டாக்டர் எதிரில் திறப்பதா என்பதை அம்மா சொல்லட்டும்.