பதிப்பாசிரியரும் பதிப்புப் பணியும்

1. அறிமுகம்

கலித்தொகையை இயற்றியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை என்று விடை எழுதிப் புள்ளியை இழக்கும் மாணவர் பலர். கலித்தொகை சங்க இலக்கியம். பிள்ளை அவர்கள் அதனை 1887 இல் பதிப்பித்தார். நூலை ஆக்கியவர் நூலாசிரியர். அதற்குப் பொருள் விளக்கியவர் உரையாசிரியர். ஏட்டுப் பிரதிகளை ஆராய்ந்து, சரியான பாடத்தைத் துணிந்து, அச்சில் வெளியிட்டவர் பதிப்பாசிரியர். இம்மூன்று சொற்களின் வேறுபாட்டை முதலில் மனங்கொள்க.

2. ஏடுகளில் இருந்த இடர்ப்பாடுகள்

ஏட்டைப் பார்த்து அப்படியே அச்சிடுவது இலகுவான வேலை எனச் சிலர் எண்ணலாம். அது தவறு. ஏடுகளில் பின்வரும் இடர்கள் இருந்தன.

(அ) மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. 'பல்', 'பல' இரண்டும் ஒரே வடிவில் இருக்கும்.
(ஆ) எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. 'செறு' (வயல்), 'சேறு' இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.
(இ) ரகரமும் காலும் ஒரே வடிவின. 'தர' என்பதைத் 'தா' எனவும் வாசிக்கலாம்.
(ஈ) சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. செய்யுளும் உரையும் விரவிக் கிடக்கும்.
(உ) செல்லரித்தும் ஓரம் முறிந்தும் பல ஏடுகள் சிதைந்திருந்தன. பிரதி செய்தவர்கள் விட்ட பிழைகளும் இருந்தன.

3. பதிப்புச் செயன்முறை

(1) பிரதி தேடல்: மடங்கள், புலவர் வீடுகள் முதலிய இடங்களில் இயன்றவரை பல பிரதிகளைத் திரட்டல்.
(2) ஒப்புநோக்கல்: ஒருவர் வாசிக்க மற்றவர்கள் தத்தம் ஏட்டைப் பார்த்து வேறுபாடுகளைக் குறித்தல். பிரதிக்குப் பிரதி வேறுபடும் சொல் பாடபேதம் எனப்படும்.
(3) பாடம் துணிதல்: யாப்பு, எதுகை, பொருள், பழைய உரை, பிற நூல்களில் வரும் மேற்கோள் ஆகியவற்றைக் கொண்டு எது சரியானது எனத் தீர்மானித்தல்.
(4) அச்சுத்தாள் திருத்தல்: அச்சுக் கோப்பவர் விடும் பிழைகளைக் களைதல்.

உதாரணமாக, வயலைப் பாடும் செய்யுள் ஒன்றில் 'செறு', 'சேறு' இரண்டுமே பொருந்தலாம். 'செறு' தனித்து நின்றால் நிரையசை ஒன்றே. 'சேறு' நேர், நேர் என ஈரசை பெறும். சீர் எதனை வேண்டுகிறது எனப் பார்க்க வேண்டும். அடுத்த அடி 'மாறு' என எதுகையாகத் தொடங்கினால், முதலெழுத்து அளவொத்து வரவேண்டும் என்பதனால் 'சேறு' என்பதே ஏற்புடையது. யாப்பிலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

4. பதிப்பாசிரியர் மூவர்

ஆறுமுக நாவலர் (1822–1879): நல்லூரைச் சேர்ந்தவர். வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். திருக்குறள் பரிமேலழகர் உரையை 1861 இல் பதிப்பித்தார். பிழையின்மைக்கு அவர் பதிப்புகள் பெயர் பெற்றவை.

சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901): சிறுப்பிட்டியைச் சேர்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். தொல்காப்பியம் சொல்லதிகாரம் சேனாவரையர் உரை (1868), வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றை வெளியிட்டார். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது கலித்தொகையே.

உ. வே. சாமிநாதையர் (1855–1942): கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். சீவகசிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) முதலியவற்றைப் பதிப்பித்தார். சைவராகிய அவர், சமண நூலாகிய சிந்தாமணியை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுப் படித்தார். பாடபேதம், ஆசிரியர் வரலாறு, அரும்பத அகராதி முதலியவற்றையும் நூலோடு சேர்த்தளித்தார்.

5. தொழிலும் வருவாயும்

பதிப்புப் பணி பின்னைய இருவருக்கும் சோறு போட்ட தொழிலன்று. பிள்ளை அவர்கள் அரசாங்க உத்தியோகமும் பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியும் வகித்தபடியே பதிப்பித்தார், கைப்பொருளையும் செலவிட்டார். ஐயர் பகலில் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் ஏடு பார்த்தார். சிந்தாமணியை அச்சிடுவதற்கு, நூலை வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

6. பதிப்பாசிரியரின் பொறுப்பு

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவாகும். ஏட்டில் ஒரு சொல் சிதைந்திருந்தால், கற்ற பதிப்பாசிரியர் ஒருவர் அழகான வேறொரு சொல்லைத் தாமே இட்டு நிரப்பிவிட முடியும். படிப்பவர் எவருக்கும் தெரியாது. ஆனால் நூல் அச்சானபின் ஏட்டைப் பேணுவார் குறைவு. ஏடு அழிந்துவிட்டால் அச்சுநூலே சாட்சி. அப்போது பதிப்பாசிரியரின் ஊகம் புலவரின் வாக்காகவே என்றென்றும் நின்றுவிடும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அவற்றுள் அச்சேறாதிருந்தவற்றை இனி எவரும் ஒப்புநோக்க இயலாது.

ஆகவே நல்ல பதிப்பாசிரியர் தெரிந்ததைத் தெளிவாக அச்சிடுவார். பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டுவார். விளங்காத இடத்தை விளங்கவில்லை எனக் கூறுவார். தமது பிழையையும் திருத்துவார். ஐயர் 1887 இல் வெளியிட்ட சிந்தாமணியை, மேலும் பிரதிகளை ஆராய்ந்து 1907 இல் திருத்தி மீண்டும் வெளியிட்டமை இதற்குச் சான்று.

7. மாதிரி வினாவும் விடைக் குறிப்பும்

வினா: "பதிப்பாசிரியருக்குப் புலமையும் நேர்மையும் ஒருங்கே வேண்டும்." ஆராய்க.

விடைக் குறிப்பு: புலமை – எழுத்து மயக்கம், யாப்பறிவு, உரையறிவு, 'செறு/சேறு' போன்ற உதாரணம் ஒன்று தருக. நேர்மை – பாடபேதம் காட்டல், ஊகத்தை மறைக்காமை, மறுபதிப்பில் திருத்தல். இரண்டில் ஒன்று குறைந்தால் நேரும் தீங்கைக் கூறி முடிக்க.

கவனிக்க: 'இயற்றினார்' என்ற சொல்லைப் பதிப்பாசிரியருக்குப் பயன்படுத்தற்க. விடைத்தாளை ஒப்படைக்குமுன் ஒருமுறை முழுமையாக வாசித்துத் திருத்துக. அந்தப் பத்து நிமிடத்துக்கு உங்கள் விடைக்கு நீங்களே பதிப்பாசிரியர்.